பெட்டி போயிற்று, அந்தக் கூலி எங்கே போயிற்று?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைய வகுப்புக்குச் சினிமாவை விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். "பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது, அறுவடைக் கூலிப் பிரச்னை இருக்கிறது, இந்த நேரத்தில் சினிமா எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்த நடிகர் பெரியவர், எந்தப் படம் நூறு நாள் ஓடிற்று என்று பேச நான் வரவில்லை. சினிமா ஒரு தொழில். அதிலும் முதலாளி உண்டு, தொழிலாளி உண்டு, யந்திரம் உண்டு. கடந்த இருபது வருஷத்தில் அந்தத் தொழிலின் யந்திரம் தலைகீழாக மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்குப் பெயர் டிஜிட்டல்.

உங்கள் ஆலையில் கோன் போடும் இடத்துக்கு ஆட்டோ கோனர் வந்தது. பலர் நின்ற இடத்தில் இன்று சிலர் நிற்கிறார்கள். உங்கள் வயலில் அறுவடை யந்திரம் இறங்கிற்று. கதிர் அறுத்து, கட்டுச் சுமந்து, களத்து மேட்டில் நெல்லாக அளந்து வாங்கிய கூலி போயிற்று. அப்போது மில் முதலாளியும் மிராசுதாரும் நம்மிடம் என்ன சொன்னார்கள்? "காலம் மாறுகிறது, நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். காலம் தானாக மாறுவதில்லை, தோழர்களே. யாரோ மாற்றுகிறார்கள், யாரோ லாபம் அடைகிறார்கள், யாரோ தெருவில் நிற்கிறார்கள். சினிமாவில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால், நம் தொழிலில் நடப்பதும் விளங்கும். அது மட்டுமல்ல. யந்திரம் வந்தபோது நிபந்தனை போட்டு நிறுத்திய தொழிலாளர்களும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டி வந்த காலம்

"பெட்டி வந்துவிட்டதா?" என்று கொட்டகை வாசலில் கேட்ட காலம் வயதான தோழர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது பிலிம் சுருள். ஒரு விநாடிக்கு 24 படம். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. ஏறக்குறைய நான்கு கிலோ மீட்டர். நூறு கொட்டகையில் ஒரே நாளில் படம் வர வேண்டுமானால் நூறு பிரிண்ட் போட வேண்டும். அத்தனை சுருளையும் ஒன்றன் பின் ஒன்றாக விரித்தால் சென்னையிலிருந்து திருச்சியைத் தாண்டிப் போகும்.

இவ்வளவு பிலிமும் மனிதர் கை படாமல் ஓடுமா? பிலிம் செய்யும் ஆலையில் தொழிலாளிகள். சென்னையில் ஜெமினி, பிரசாத், ஏ.வி.எம். போன்ற லாபரட்டரிகளில் இருட்டறையில் நின்று, மருந்துத் தொட்டியில் பிலிம் கழுவிய தொழிலாளிகள். வெட்டி ஒட்டியவர்கள். பெட்டியை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றி இறக்கியவர்கள். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைக்கு ஓட்டும்போது, இங்கே முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே பறந்தவர்கள். பெட்டியோடு கூடவே போய், டிக்கெட் கணக்கைச் சரி பார்த்த விநியோகஸ்தரின் பிரதிநிதி. கடைசியாக, கொட்டகையின் அனல் அறையில் இரண்டு மெஷினுக்கு நடுவே நின்ற ஆபரேட்டர். கார்பன் குச்சி எரிவதைப் பார்த்துக்கொண்டே, ரீல் முடியும் அடையாளம் திரையின் மூலையில் தெரிந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். ஒரு விநாடி தப்பினால் கொட்டகையே விசில் அடிக்கும். லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலையில் ஒருவர் நிற்க முடியாது. அது கற்றுத் தேர்ந்த தொழில்.

இன்று அந்தப் பெட்டி இல்லை. படம், ஒலி இரண்டையும் எண்களாக மாற்றி, சிறிய டிஸ்க்கில் அடைத்து அனுப்புகிறார்கள். அல்லது செயற்கைக் கோள் வழியே கொட்டகைக்கு இறக்குகிறார்கள். அது பூட்டப்பட்டு வரும். எந்தக் கொட்டகை, எந்தத் தேதி, எத்தனை நாள் என்று குறித்த எண்-சாவி ஒன்று தனியே வர வேண்டும். சாவி வந்தால்தான் திரையில் படம் விழும். பணப் பாக்கியால் சாவி வராமல் காலைக் காட்சி ரத்தான செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பெட்டி கொட்டகைக்காரர் கையில் இருந்தது; சாவியோ கம்பெனியின் கையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதகையும் ராச்செஸ்டரும்

நம் ராஜ்யத்திலேயே பிலிம் ஆலை ஒன்று இருந்தது. 1960-ல் உதகமண்டலத்தில் மத்திய சர்க்கார் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1967-ல் உற்பத்தி தொடங்கிற்று. 'இந்து' என்று அதன் மார்க். நிலவு என்று அர்த்தம். சினிமாவுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம், போட்டோக் காகிதம் எல்லாம் அங்கே தயாராயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த மலையில் அதை நம்பி ஜீவித்தன.

அந்த ஆலை ஏன் வீழ்ந்தது? "டிஜிட்டல் வந்தது, பிலிம் போயிற்று" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. உலகம் கலருக்கு மாறியபோது, கலர் பிலிமைச் சொந்தமாகத் தயாரிக்க வேண்டிய முதலீட்டைச் சர்க்கார் உரிய காலத்தில் செய்யவில்லை. 1991-க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு அகலத் திறந்தது. 1990-களிலேயே நலிந்த ஆலை என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. டிஜிட்டல் வந்தபோது ஆலை ஏற்கனவே படுக்கையில் கிடந்தது. 2014-ல் மத்திய மந்திரி சபை எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அங்கீகரித்தது. பெயர்தான் விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்பது உங்களுக்குத் தெரியும்.

சரி, சர்க்கார் ஆலை என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்லக்கூடும். உலகத்தின் மிகப் பெரிய தனியார் பிலிம் கம்பெனியைப் பாருங்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் கோடக். 1988-ல் உலகெங்கும் ஏறக்குறைய 1,45,000 பேர் அதில் வேலை செய்தார்கள். டிஜிட்டல் கேமராவை முதன் முதலில் செய்தவரே கோடக்கின் இஞ்சினீயர்தான். ஸ்டீவன் சாஸன் என்பவர், 1975-ல். ஆனால் பிலிம் விற்பனையில் லாபம் கொழித்த முதலாளிகள் அந்தப் புதுமையின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அந்த ஆண்டோடு, ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கு இருந்த வைத்திய சலுகை ரத்தாயிற்று. கோடக் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் உண்டாக்கிய டிஜிட்டல் காப்புரிமைகளோ? சுமார் 52 கோடி டாலருக்கு ஒரு கூட்டுக்கு விற்கப்பட்டன. அந்தக் கூட்டில் ஆப்பிள் இருந்தது, கூகுள் இருந்தது.

யந்திரத்தைக் கண்டுபிடித்த மூளையும், பிலிமுக்கு மருந்து பூசிய கையும் தெருவுக்கு வந்தன. காப்புரிமைப் பத்திரம் மட்டும் ஒரு முதலாளி பையிலிருந்து இன்னொரு முதலாளி பைக்குப் போயிற்று. உதகையானாலும் ராச்செஸ்டரானாலும் தொழிலாளியின் கதி ஒன்றுதான்.

மிச்சம் யாருக்கு?

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கொட்டகைக்கும் நான்கு கிலோ மீட்டர் பிலிம் வாங்க வேண்டாம். கழுவ வேண்டாம். பெட்டி சுமக்க வேண்டாம். ரீல் மாற்ற வேண்டாம். எவ்வளவு பெரிய மிச்சம்! அந்த மிச்சத்தில் டிக்கெட் விலை குறைந்ததா? குறையவில்லை. ஆபரேட்டருக்குச் சம்பளம் கூடிற்றா? அவருடைய கைத்திறமைக்கே வேலை இல்லாமல் போயிற்று. லாபரட்டரித் தொழிலாளிக்குப் பங்கு வந்ததா? அவருடைய இருட்டறை 2010-களில் நிரந்தரமாக இருண்டது.

டிஜிட்டல் கம்பெனிகள் கொட்டகைகளுக்குப் புதிய புரொஜெக்டரைக் கொடுத்தன. அந்தச் செலவை ஈடுகட்ட, படம் எடுப்பவரிடம் ஒரு கட்டணம் வாங்கின. இல்லாத பிரிண்டுக்கு ஒரு பிரிண்ட் கட்டணம்! வி.பி.எப். என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் இந்தக் கட்டணத்துக்குக் காலக்கெடு இருந்தது. யந்திரத்தின் விலை வசூலானதும் முடிந்துவிடும் ஏற்பாடு. நம் நாட்டில் அது நிற்காமல் ஓடிற்று. திரையில் காட்டும் விளம்பரத்திலும் அந்தக் கம்பெனிகளுக்குப் பங்கு.

இதை எதிர்த்துத் தமிழ்ப் பட முதலாளிகள் 2018 மார்ச் 1 முதல் புதுப்படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். மார்ச் 16 முதல் படப்பிடிப்பும் நின்றது. ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை நீடித்தது. படம் எடுக்கும் முதலாளிக்கும் யந்திரம் வைத்திருக்கும் முதலாளிக்கும் சண்டை. கட்டணம் எவ்வளவு என்பதுதான் பேச்சு வார்த்தை. அந்த நாட்களில் அடுப்பு எரியாமல் இருந்தது யார் வீட்டில்? லைட் தூக்குபவர், செட் போடும் தச்சர், சமையல் செய்பவர், துணை நடிகர் வீட்டில். தினக்கூலிக்காரனுக்குப் படப்பிடிப்பு நின்றால் அன்றே பட்டினி. வேலை இழந்த ஆபரேட்டரைப் பற்றி அந்தப் பேச்சு வார்த்தையில் ஒரு வார்த்தை பேச இடமே இல்லை. முதலாளிகள் தங்களுக்குள் சண்டை போட்டாலும் பட்டினி நமக்கு. சமாதானம் ஆனாலும் பங்கு அவர்களுக்கு.

கொட்டகை கைக்குள் வந்தது

இது முதல் அலை. இரண்டாவது அலையில் கொட்டகையே தேவையில்லாமல் போனது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸின் ஜியோ வந்தது. டேட்டா மலிந்தது. இப்போது நாற்று நடப் போகும் தாயின் மடியிலும் போன் இருக்கிறது. ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி பஸ்ஸில் படம் பார்க்கிறார். இதைக் குறை சொல்ல நாம் யாரும் இல்லை. உழைத்துக் களைத்த ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். முன்பு டவுனுக்குப் போனால்தான் கிடைத்தது குடிசைக்கே வந்திருக்கிறது. அது விஞ்ஞானத்தின் சாதனை.

ஆனால் கேள்வி வேறு. குழாய் யாருடையது? தண்ணீர் யாருடையது? போன் இணைப்பு ரிலையன்ஸுடையது. 2014-ல் நெட்வொர்க்-18 என்ற செய்தி, டெலிவிஷன் ஸ்தாபனத்தை அது வசப்படுத்திற்று. 2024 நவம்பரில் அமெரிக்க டிஸ்னியின் இந்தியத் தொழிலோடு கூட்டு. அந்தக் கூட்டின் மதிப்பு 70,352 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் பிறந்தது. கிரிக்கெட், சினிமா, நாடகத் தொடர் எல்லாம் ஒரே குடையின் கீழ். என்.டி.டி.வி. 2022 டிசம்பரில் அதானியின் கைக்குப் போயிற்று. உங்கள் மில்லில் கதவடைப்பு நடந்தால், உங்கள் ஊரில் நிலத்தைப் பிடுங்கினால், அதைச் செய்தியாக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் குவிகிறது என்று யோசியுங்கள்.

இன்னொரு விஷயம். பெட்டியோடு ஒரு பிரதிநிதி போய் டிக்கெட் எண்ணினார் என்றேனே, அவர் எண்ணிய கணக்கு நாலு பேருக்குத் தெரியும். போனில் ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்? அது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தீர்கள் என்பது வரை அதனிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் கதை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அந்தக் கணக்குக் கிடைக்காது. எடை போடும் தராசு முதலாளியின் வீட்டுக்குள். கூலி வாங்குபவன் வாசலில். களத்து மேட்டில் மரக்காலைப் பார்க்க விடாமல் நெல் அளந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவின் சினிமாத் தொழிலாளர்கள் 2023-ல் கேட்டார்கள்.

ஹாலிவுட்டில் 148 நாள்

முதலில் சிறிது பழைய சரித்திரம். 1950-களில் அமெரிக்காவில் டெலிவிஷன் பரவிற்று. கொட்டகைக்காக எடுத்த படத்தை முதலாளிகள் டெலிவிஷனுக்கு விற்று இரண்டாம் முறை லாபம் அடைந்தார்கள். "ஒரு முறை உழைத்ததைப் பல முறை விற்றால் எங்களுக்கும் பங்கு கொடு" என்று எழுத்தாளர் சங்கமும் நடிகர் சங்கமும் 1960-ல் வேலை நிறுத்தம் செய்தன. மறு ஒளிபரப்புப் பங்கும், ஓய்வூதிய-வைத்திய நிதியும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தவை. அப்போது நடிகர் சங்கத் தலைவர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன். அவரே ஜனாதிபதியானதும், 1981-ல் வேலை நிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தொழிலாளர் 11,000-க்கு மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார். தலைவர் மாறினார், தொழிலாளர் வென்ற உரிமை நிலைத்தது.

பிறகு டெலிவிஷனுக்குப் பதில் இணையத்தில் படம் காட்டும் நெட்பிளிக்ஸ் போன்ற கம்பெனிகள் வந்தன. முன்பு ஒரு தொடருக்கு வருஷத்தில் 22 பகுதிகள் எழுத வேண்டும். ஏறக்குறைய வருஷம் முழுவதும் வேலை. இப்போது எட்டு அல்லது பத்துப் பகுதி. சில வாரங்களில் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ! மறு ஒளிபரப்புப் பங்கும் சுருங்கிற்று. ஒரு தொடரைக் கோடிப் பேர் பார்த்தாலும் பங்கு ஒரே அளவு. சில்லறைக் காசுக்கு வந்த செக்குகளை நடிகர்கள் எல்லோருக்கும் காட்டினார்கள். இதோடு செயற்கை அறிவு யந்திரம் வந்து சேர்ந்தது. ஏ.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான். ஏற்கனவே மனிதர்கள் எழுதியவற்றை விழுங்கி, கேட்டால் புதிதாக எழுதிக் கொடுக்கும். மனிதனின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து காட்டும்.

2023 மே 2-ம் தேதி சுமார் 11,500 எழுத்தாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை 14-ல் நடிகர் சங்கமும் சேர்ந்தது. அதன் அங்கத்தினர் ஏறக்குறைய 1,60,000 பேர். நடிகர் என்றதும் மாளிகையில் வாழ்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கூட்டத்தில் நிற்பவர்கள், இரண்டு வரி பேசுபவர்கள், ஓட்டலில் பரிமாறிக்கொண்டே வாய்ப்புத் தேடுபவர்கள். 1960-க்குப் பிறகு இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் களத்தில் நின்றது இதுவே முதல் தடவை. லாரித் தொழிலாளர் சங்கத்தின் டிரைவர்களில் பலர் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை ஒரு நாள் யந்திரத்தால் படம் பிடித்து, ஒரு நாள் சம்பளம் கொடுத்துவிட்டு, அந்த உருவத்தைக் காலமெல்லாம் உபயோகிக்கக் கம்பெனிகள் கேட்டதாக நடிகர் சங்கம் குற்றம் சாட்டிற்று. கம்பெனிகள் அதை மறுத்தன. யந்திரத்தால் அதைச் செய்ய முடியும் என்பதை யாரும் மறுக்கவில்லை. கவனியுங்கள், தோழர்களே. நம் முதலாளி நம்மிடம் எட்டு மணி நேர உழைப்பை வாங்குகிறார். இங்கே தொழிலாளியின் சாயலையே, அவன் செத்த பிறகும், சொத்தாக வாங்கிவிடலாம் என்ற நிலைமை வந்திருக்கிறது.

சங்கத்தாரின் எதிர்பார்ப்பு யதார்த்தமானதல்ல என்று டிஸ்னி கம்பெனித் தலைவர் பாப் ஐகர் சொன்னார். தொழிலாளர்கள் வாடகை கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் வரை இழுத்தடிப்போம் என்று பெயர் சொல்லாத ஒரு நிர்வாகி பேசியதாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. அது தங்கள் கருத்தல்ல என்று கம்பெனிகளின் கூட்டமைப்பு கூறிற்று. ஆனால் பட்டினி போட்டுப் பணிய வைக்கும் தந்திரம் நமக்குப் புதிதா?

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

எழுத்தாளர்கள் 148 நாள் நின்றார்கள். நடிகர்கள் 118 நாள் நின்றார்கள். 2023 செப்டம்பர் 27-ல் ஒன்று, நவம்பர் 9-ல் மற்றொன்று முடிந்தது. பெற்றவற்றைச் சொல்கிறேன்.

யந்திரத்தை எழுத்தாளர் என்று கணக்கில் வைக்கக்கூடாது. யந்திரம் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால், அது யந்திரம் எழுதியது என்று கம்பெனி முன்கூட்டியே சொல்ல வேண்டும். யந்திரத்தை உபயோகிக்கும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. பெரிய தொடர்களுக்குக் குறைந்த பட்சம் இத்தனை எழுத்தாளரை வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. இது ஆட்குறைப்புக்கு எதிரான விதி. உள்நாட்டுச் சந்தாதாரரில் 20 சதவிகிதத்துக்குச் சமமான அளவு, முதல் 90 நாளில் ஒரு தொடரைப் பார்த்திருந்தால் கூடுதல் தொகை. அதற்காகப் பார்வைக் கணக்கைக் கம்பெனி சங்கத்துக்குக் காட்ட வேண்டும். பூட்டியிருந்த தராசு அறைக்குள் சங்கம் கால் வைத்தது! நடிகரின் டிஜிட்டல் உருவத்தைச் செய்ய அவருடைய சம்மதம் வேண்டும், ஊதியமும் வேண்டும். துணை நடிகருக்கும் இது பொருந்தும்.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக்கூடாது. ஏ.ஐ. தடை செய்யப்படவில்லை. வேலை நிறுத்த மாதங்களில் வேலை இழந்த தச்சரும் ஒப்பனைக்காரரும் மிகவும் கஷ்டப்பட்டார்கள். கம்பெனிகள் செலவைச் சுருக்கியதால் 2024-லும் 2025-லும் லாஸ் ஏஞ்சல்ஸில் படப்பிடிப்பு குறைந்தே இருந்தது. ஒப்பந்தம் ஒரு வேலி. பயிரை அது தானாக வளர்த்துவிடாது. ஆனால் வேலி இல்லாத பயிரின் கதி என்ன என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில்

அமெரிக்காவில் நடந்தது நம் ஊருக்கு வராது என்று இருக்க முடியாது. வந்துவிட்டது. 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்தின் பாட்டு ஒன்றில், காலமான பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஐ. மூலம் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டு வந்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அது முறையான காரியம். ஆனால் அதை முறையாகச் செய்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு எங்கே? ஒருவருடைய நல்ல மனசு இன்னொருவருக்கு இருக்கும் என்று நம்பி எந்தத் தொழிலாளியும் வாழ முடியாது.

மறு பக்கத்தையும் பாருங்கள். 2013-ல் வந்த 'அம்பிகாபதி' படத்தை 2025 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டார்கள். சோகமான முடிவை ஏ.ஐ. கொண்டு மாற்றி, சுபமாக்கிவிட்டார்கள். டைரக்டர் ஆனந்த் எல். ராய் ஆட்சேபித்தார். நடித்த தனுஷ் ஆட்சேபித்தார். ஆயினும் படம் வெளிவந்தது. பிரசித்தி பெற்ற நடிகர் கூப்பாடு போட்டே நிற்கவில்லை என்றால், கோடம்பாக்கத்தில் பேட்டாவுக்குக் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் யாரிடம் முறையிடுவார்?

ஆகவே சங்கம் வேண்டும். தமிழ் சினிமாவில் சங்கம் கட்டிய சரித்திரம் நம் இயக்கத்தோடு கலந்தது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இருவரும் இடதுசாரிகள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு டைரக்டர் நிமாய் கோஷ், இசை எம்.பி.எஸ். படத்தோடு அவர்கள் நிற்கவில்லை. வாத்தியம் வாசிப்பவர், விளக்குப் பிடிப்பவர் எல்லோரையும் தொழிலாளர் என்ற பெயரில் திரட்டப் பாடுபட்டார்கள். இன்று பெப்சி சம்மேளனத்தில் இருபதுக்கு மேற்பட்ட தொழிற் பிரிவுச் சங்கங்கள் இருப்பதற்கு அந்த உழைப்பு அஸ்திவாரம்.

1981-ல் சினிமாத் தொழிலாளருக்கும் கொட்டகைத் தொழிலாளருக்கும் ஒரு தனிச் சட்டம் வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் அமலாவதாக மத்திய சர்க்கார் அறிவித்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தனிச் சட்டம் கரைக்கப்பட்டுவிட்டது. அதே தொகுப்புகள்தான், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த ஆலையிலும் வேலை நிறுத்தம் செய்யக்கூடாது என்கின்றன. கோடம்பாக்கத்துக்கும் உங்கள் மில் கேட்டுக்கும் ஒரே பூட்டு, தோழர்களே!

நாம் செய்ய வேண்டியது

யந்திரத்தை வெறுப்பது வேறு. முதலாளி அதை உபயோகிக்கும் முறையை எதிர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பாட்டாளிகள் அனுபவத்தில்தான் கற்றார்கள் என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் விளக்கியிருக்கிறார். யந்திரத்தை உடைப்பதால் உதகை ஆலை திரும்பாது, ரீல் திரும்பாது. திரும்ப வேண்டும் என்பதும் நம் கோரிக்கையல்ல. மருந்துத் தொட்டியில் கை வெந்த வேலையும், அனல் அறையில் வெந்த வேலையும் ஒழிந்தது நல்லதே. அந்த வேலை ஒழிந்ததால் மிச்சமான பணம் யாருக்கு என்பதுதான் நம் கேள்வி.

ஆலையிலும் வயலிலும் புதிய யந்திரம் வரும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, இதனால் மிச்சமாகும் கூலி எவ்வளவு. அந்தக் கணக்கைச் சங்கத்தின் முன் வை. இரண்டு, யார் வேலையும் பறிபோகக்கூடாது. வேலை மாறினால் புதிய வேலையைச் சம்பளத்தோடு கற்றுக்கொடு. மூன்று, இதை எல்லாம் வாய் வார்த்தையாக அல்ல, ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடு.

இதை யந்திரம் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை. ஆபரேட்டர்கள் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒற்றை ஆளாக நின்றார்கள், ஒவ்வொருவராகப் போனார்கள், ஊருக்கே தெரியவில்லை. ஹாலிவுட் எழுத்தாளர்கள், யந்திரம் அறைக்குள் முழுமையாக நுழையும் முன்பே வாசலில் ஒன்றாக நின்றார்கள், நிபந்தனை பெற்றார்கள். இரு கூட்டத்தாருக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. ஒற்றுமையில்தான் வித்தியாசம்.

இங்கே இருக்கும் ஆலைத் தோழர்கள், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், எந்தப் பிரிவுக்குப் புது மெஷின் வரப் போகிறது என்ற விசாரணையை முதல் விஷயமாக வையுங்கள். விவசாயத் தோழர்கள், அடுத்த அறுவடைக்கு முன்பே, யந்திரம் இறங்கும் வயலில் கையறுப்புக்கு எவ்வளவு நிலம் விட வேண்டும், கூலி என்ன என்று கிராமக் கூட்டம் கூட்டிப் பேசுங்கள். உங்கள் டவுன் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவரும், கேபிள் கட்டும் பையனும், கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுப்பவரும் தொழிலாளிகளே. அவர்களையும் சங்கத்துக்கு அழையுங்கள்.

விஞ்ஞானம் மனித குலம் முழுவதின் உழைப்பில் விளைந்தது. அதன் பலனும் உழைப்பவருக்கே சேர வேண்டும். சாவி இன்று கம்பெனியின் கையில் இருக்கிறது. அதை வாங்கும் பலம் ஒன்றுபட்ட தொழிலாளி வர்க்கத்துக்கு உண்டு.